ஏழாவது விடை

அவருடைய சொந்தப் பெயர் கல்லூரியின் சம்பளப் பட்டியலில் மட்டும்தான் இருந்தது. மற்றபடி எல்லோருக்கும் அவர் 'பத்துக்குப்பத்து'. கம்ப்யூட்டர் லேபிலிருந்து யார் வெளியே வந்தாலும் சரி, கதவுப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருக்கும் அவர் தலையைத் தூக்கி, "என்ன, பத்துக்குப் பத்தா?" என்று கேட்பார். ஆமாம் என்றால் ஒரு சிரிப்பு. இல்லை என்றால், "விடு, மெஷினுக்கு இரக்கம் கிடையாது. அதுக்கென்ன பெத்த வயிறா?" என்று ஒரு ஆறுதல். அந்த ஆறுதலால் யாருக்கும் அரை மார்க் கூடியதில்லை. இருந்தாலும் கேட்டுவிட்டுப் போவார்கள்.

ஐம்பத்தொரு வயது. பழைய காலத்தில் டைப்ரைட்டிங் சொல்லிக்கொடுத்தவர். விரல் வேகம் அப்படி: பேசிக்கொண்டே அடிப்பார், பிழை வராது. டைப்ரைட்டர்கள் எடைக்குப் போனபிறகு கல்லூரியில் லேப் உதவியாளராகச் சேர்ந்தார். வருஷா வருஷம் புதுப்பிக்கிற ஒப்பந்த வேலை. காலையில் முப்பத்திரண்டு கம்ப்யூட்டரையும் போட்டுவிடுவது, யாரோ காலால் இழுத்துவிட்ட ஒயரைத் திரும்பச் சொருகுவது, கீபோர்டைத் தலைகீழாகத் தட்டி அதிலிருந்து பிஸ்கட் தூளை உதிர்ப்பது, இதெல்லாம்தான் உத்தியோகம். ஆனால் அவரைக் கேட்டால் இதையெல்லாம் சொல்ல மாட்டார். "திருத்துற மெஷினைப் பார்த்துக்கிறேன்" என்பார். அதைச் சொல்லும்போது நெஞ்சு ஒரு அங்குலம் ஏறும்.

அந்த மெஷின் என்பது தனி இயந்திரம் ஒன்றுமில்லை, ஒரு புரோகிராம்தான். அதற்கு முன்னால் மாணவர்கள் எழுதுகிற புரோகிராம்களையெல்லாம் ஒரு இளம் விரிவுரையாளர் ஒவ்வொன்றாக ஓட்டிப்பார்த்து மார்க் போட்டுக்கொண்டிருந்தார். அறுபது பேர், ஆளுக்கு ஒரு கோணல். மனிதர் வெறுத்துப்போய், திருத்துகிற வேலையைக் கம்ப்யூட்டரே செய்யும்படி எழுதிவைத்தார். மாணவர் தன் புரோகிராமை உள்ளே அனுப்ப வேண்டும். மெஷின் அதற்குப் பத்துக் கேள்விகளைக் கொடுக்கும். வருகிற பதிலைத் தன்னிடம் ஒளித்துவைத்திருக்கும் விடையோடு எழுத்துக்கு எழுத்து ஒப்பிடும். பொருந்தினால் 'சரி', இல்லாவிட்டால் 'தவறு'. என்ன கேட்டது, என்ன எதிர்பார்த்தது என்று வாயைத் திறக்காது. எதைச் செய்துபோட்டாலும் குறை மட்டும் சொல்லும், காரணம் சொல்லாது என்பதால் மாணவர்கள் அதற்கு 'மாமியார்' என்று பெயர் வைத்தார்கள்.

அதில் ஒரு சட்டமும் உண்டு. பத்தும் சரியாக வர வேண்டும், ஒன்று தவறினாலும் பூஜ்யம். மூன்று முறைதான் அனுப்பலாம்.

மெஷினை எழுதி முடித்த கையோடு அந்த விரிவுரையாளருக்கு வெளிநாட்டில் வேலை கிடைத்துவிட்டது. புறப்படுகிற அவசரத்தில் நம்ம ஆளைக் கூப்பிட்டார். "அண்ணே, உங்க கைவேகம் யாருக்கு வரும்? ஒரு தேதியைக் கொடுத்தா மறுநாள் தேதியைச் சொல்லணும், அதான் பரீட்சை. பத்துத் தேதி, பத்து விடை, டைப் பண்ணி வைங்க. நான் ஒரு தடவை பார்த்துக்கிறேன்" என்றார். பார்க்கவில்லை. பெட்டி கட்டுகிறவருக்கு ஆயிரம் வேலை.

தேதிகளைத் தேர்ந்தெடுத்தது பத்துக்குப்பத்துதான். தன் கல்யாண நாள் ஒன்று. மனைவி பிறந்த நாள் ஒன்று. வருஷக் கடைசி ஒன்று. ஏழாவதாக ஏதாவது கொஞ்சம் கஷ்டமாக இருக்கட்டுமே என்று இரண்டாயிரத்து நூறாம் வருஷத்துப் பிப்ரவரி இருபத்தெட்டைப் போட்டார். 'அப்போ நாம யாரும் இருக்கமாட்டோம், மெஷின் இருக்கும்' என்று தனக்குத்தானே சிரித்துக்கொண்டது அவருக்கு இன்னும் நினைவிருக்கிறது. நாலால் வகுபடுகிற வருஷம், ஆகவே மறுநாள் பிப்ரவரி இருபத்தொன்பது. டக்கென்று அடித்தார். ஒரு எழுத்துப் பிழை இல்லை.

அந்த முதல் வருஷமே அந்தப் பரீட்சையில் கவிழ்ந்தவர்களில் ஒருவன் அவருடைய மச்சான்.

மனைவியின் தம்பி. அப்பா அம்மா போனபிறகு அக்கா வீட்டோடு வந்துவிட்டவன். வீடு என்றால் இரண்டு அறை. முன்னறையில் அவள் தையல் மெஷினும் வெட்டுத்துணி மூட்டையும் போக மீதி இடத்தில் அவன் படுக்கை. மாலை வகுப்பில் சேர்ந்து படித்தான். மூன்று முறை அனுப்பினான். மூன்று முறையும் ஒன்பது சரி, ஏழாவது தவறு. "ஒண்ணே ஒண்ணுதான் மாமா" என்று சீட்டை நீட்டினான். இவர் அன்றைக்குச் சொன்னதை நான் அப்படியே சொல்கிறேன்: "ஒண்ணே ஒண்ணுன்னா என்னடா? பாலத்துல ஒண்ணே ஒண்ணு ஓட்டைன்னா ஏறிப் போவியா? உனக்குக் கம்ப்யூட்டர் ஏறாது மாப்ளே. நீ ஒரு அரைகுறை."

வார்த்தையைக் கொட்டினால் அள்ள முடியுமா? அரைகுறை என்பது வீட்டில் அவனுக்குப் பேராகவே ஒட்டிக்கொண்டது. தண்ணீர்க் குழாயை அவன் சரியாக மூடாவிட்டால் அரைகுறை. கடையில் ஒரு சாமானை மறந்துவிட்டு வந்தால் அரைகுறை. கோபத்தில் சொல்வதில்லை, பாசத்தில்தான் சொல்வார். அவனும் சிரிப்பான். ஒரு கிடங்கில் பெட்டி தூக்கப் போனான். ஆறு வருஷம் தூக்கினான்.

ஆறாம் வருஷம் வலது முழங்கால் மடங்க மறுத்தது. டாக்டர் தட்டிப் பார்த்து, "இனிமே பாரம் தூக்கினா நடக்கிறதை மறந்துடுங்க" என்றார். கிடங்கு முதலாளி நல்ல மனிதர். பில் போடுகிற இடத்தில் ஒரு நாற்காலி காலியாகிறது, மாசக் கடைசிக்குள் கம்ப்யூட்டர் சான்றிதழ் கொண்டுவந்தால் அது உனக்கு என்றார். அப்படித்தான் முப்பத்துமூன்று வயதில் மச்சான் மறுபடியும் மாலை வகுப்பில் போய் உட்கார்ந்தான். இரண்டாவது தடவைதான் கடைசித் தடவை. அதற்குமேல் சேர்க்கமாட்டார்கள்.

பத்துக்குப்பத்து அன்றைக்கே துறைத்தலைவி அம்மாவிடம் போய், "மேடம், என் மச்சான் சேர்ந்திருக்கான். இந்தப் பேட்ச் முடியறவரைக்கும் விடைகள் இருக்கிற ஃபோல்டரைத் திறக்கமாட்டேன்" என்று தானாகவே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். யாரும் கேட்கவில்லை. நேர்மையில் அவருக்கு அவ்வளவு ருசி.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் மச்சான் இரண்டாவது சீட்டோடு வந்தான். ஒன்பது சரி. ஏழாவது தவறு. மிச்சம் ஒரே ஒரு முறை, வியாழன் ஐந்து மணிவரை.

சாப்பிட உட்காராமல் புரோகிராமைத் தாளில் அச்செடுத்து வைத்துக்கொண்டு வரிவரியாகப் படித்துக்கொண்டிருந்தான். காலை நீட்டித் தலையணைமேல் வைத்திருந்தான். மனைவி தையலை நிறுத்திவிட்டுக் கேட்டாள்.

"ஏங்க, அந்த ஏழாவதுல அப்படி என்ன பூதம் இருக்கு? நீங்க பார்த்துச் சொன்னாத்தான் என்ன?"

"எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கேன்."

"கையெழுத்துப் போட்டது காலேஜுக்கு. குடும்பம் நடத்துறது என்கூட."

"என் சோத்துல மண்ணைப் போடாதே, சொல்லிட்டேன்."

"விடுக்கா, மாமாவைத் தொந்தரவு பண்ணாதே. நானே கண்டுபிடிச்சிடுவேன்" என்றான் மச்சான், தாளிலிருந்து தலையைத் தூக்காமல். அக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது. அன்றைக்கு அவள் புருஷனோடு பேசவில்லை. தட்டை மட்டும் சத்தமாக வைத்தாள்.

மறுநாள் காலை லேபில் ஆள் வருமுன் அவர் ஃபோல்டரைத் திறந்தார். எந்தத் தேதியை எத்தனாவதாகப் போட்டார் என்பது அவருக்கு மறந்துபோயிருந்தது. பார்க்கத்தான், சொல்ல அல்ல என்று தனக்கே ஒரு சத்தியம். ஏழாவதைப் பார்த்ததும் பழைய சிரிப்புக்கூட வந்தது. அட, நம்ம இரண்டாயிரத்து நூறு! சரியாகத்தானே இருக்கிறது? இதையா கோட்டை விட்டான் பாவி?

மச்சானின் அச்செடுத்த தாளைக் கிளம்பும்போது சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வந்திருந்தார். எடுத்து விரித்தார். அவருக்கு முழுசாகப் படிக்கத் தெரியாது, இத்தனை வருஷத்தில் ஒட்டிக்கொண்ட அறிவுதான். நாலால் வகுபடுகிறதா என்ற வரி இருந்தது. அதற்குக் கீழே நூறு என்று ஒரு வரி, நானூறு என்று ஒரு வரி. இந்த நூறு எதற்கு? பக்கத்தில் பென்சிலில் மச்சானே எழுதியிருந்தான்: 'நூறில் முடியும் வருஷத்துக்கு 29 கிடையாது. நானூறால் வகுபட்டால் மட்டும் உண்டு.'

கம்ப்யூட்டரின் மூலையில் இருக்கும் காலண்டரை அழுத்தி வருஷத்தைத் தள்ளத் தொடங்கினார். தள்ளித் தள்ளி இரண்டாயிரத்து நூறுக்கு வந்தார். பிப்ரவரி. இருபத்தேழு, இருபத்தெட்டு, அதற்கப்புறம் மார்ச் ஒன்று.

மூடிவிட்டு மறுபடி திறந்து பார்த்தார். காலண்டர் மாறவில்லை. பரீட்சை எழுதியவன் சரி. பரீட்சை வைத்தவர்தான் தப்பு. ஆறு வருஷமாக!

அப்படியானால் பாஸ் செய்தவர்களெல்லாம் எப்படிப் பாஸ் செய்தார்கள்? முதலில் வந்த மாணவியிடம் சும்மா கேட்பதுபோலக் கேட்டார். அவள் சாதாரணமாகச் சொன்னாள். "அதுவா அண்ணே, புக்குல இருக்கிற மாதிரி போட்டா ஏழாவது போயிடும். நூறு வரியை எடுத்துட்டு அனுப்பணும், பத்தும் வந்துடும். சீனியருங்க எல்லாருக்கும் சொல்லிடுவாங்க. மாமியாருக்கு நூறு பிடிக்காது." சொல்லிவிட்டுச் சிரித்தாள். லேபில் அது எல்லோருக்கும் தெரிந்த ரகசியம். ஒருவருக்கும் அது தப்பாகப் படவில்லை. மார்க் வருகிறதா, அவ்வளவுதான். கதவருகே உட்கார்ந்திருந்த இவருக்கு மட்டும் யாரும் சொல்லவில்லை.

நேராகத் துறைத்தலைவி அம்மாவிடம் போனார். நின்றபடியே எல்லாவற்றையும் கொட்டினார். அந்த அம்மா தன் போனில் காலண்டரைத் தள்ளிப் பார்த்தார். வைத்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"நீங்க சொல்றது சரி. விடை தப்பு."

"மாத்திடலாம் மேடம். ஒரே ஒரு வரி. இப்பவே அடிச்சுடறேன்."

"திறக்கமாட்டேன்னு எழுதிக் கொடுத்தீங்க. யாருக்காகத் திறந்தீங்க?"

அவர் கை சட்டைப்பையில் இருந்த தாளைத் தொட்டது.

"உங்க மச்சானோட கடைசி வாய்ப்புக்கு முந்தின நாள், நீங்களே போய் ஃபைலைத் திறந்து, நீங்களே விடையை மாத்தினீங்கன்னு ரெக்கார்டுல இருக்கும். அவர் பாஸ் ஆவார். யாராவது ஒருத்தர் ஒரு மொட்டைக் கடுதாசி போட்டா போதும். உங்க வேலை போகும், என் மேல விசாரணை வரும், அவரோட சான்றிதழையும் பிடுங்குவாங்க. அது மட்டுமா? இன்னைக்கு மாத்தினா, நூறை எடுத்துட்டு அனுப்பி ஏற்கெனவே பாஸ் ஆன இந்தப் பேட்ச் பிள்ளைங்க எல்லாம் என்ன ஆவாங்க? ஆறு வருஷத்துல பாஸ் ஆனவங்க?"

"அப்போ அவனுக்கு மட்டும் சொல்லிடறேன் மேடம். நூறை எடுத்துடுன்னு."

"அது கேள்வித்தாளை வெளியே விடறது." குரல் கடுமையாக இல்லை. அதுதான் கொடுமை. "இந்தப் பேட்ச் ரிசல்ட் முடியட்டும், கமிட்டியில வெச்சு மாத்திடறேன். நாளைக்கு நீங்க லேபுக்கு வரவேண்டாம். ஸ்டோர் ரூம்ல உடைஞ்ச நாற்காலியெல்லாம் கணக்கெடுக்கணும், அதைப் பாருங்க. வீட்டுல எதுவும் பேசாதீங்க. உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன். ஒப்பந்தம் புதுப்பிக்கிற மாசம் இது."

அந்த அம்மாவை நான் நல்லவர் என்று சொல்லவில்லை, கெட்டவர் என்றும் சொல்லவில்லை. அவர் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. ஆனால் அவர் வாயிலிருந்து வந்த ஒவ்வொரு நியாயமும் முழங்கால் மடங்காத ஒருத்தன் தலையில் போய் விழுந்தது. அதை அவர் பார்க்கவேண்டியதில்லை, இவர்தான் வீட்டுக்குப் போய்ப் பார்க்கவேண்டும்.

வீட்டில் மச்சான் புரோகிராமை முதலிலிருந்து புதிதாக எழுதிக்கொண்டிருந்தான். இவர் இரண்டு தடவை அருகில் போய் நின்றார். தண்ணீர் குடித்தார். மின்விசிறியின் வேகத்தைக் கூட்டினார், குறைத்தார். இந்த வேலை போனால் இந்த வயதில் வேறு யார் கொடுப்பார்கள்? தையல் மெஷின் ஒன்றை வைத்து மூன்று வயிறு நிறையுமா? சொன்னால் குற்றம், சொல்லாவிட்டால் பாவம். மென்று விழுங்கினார்.

வியாழன் காலை மச்சான் செருப்பு மாட்டும்போது மட்டும் வாய் திறந்தார்.

"மாப்ளே, ரொம்ப மூளையைப் போட்டுக் கசக்காதே. மத்தவங்க எல்லாம் எப்படிப் போடுறாங்களோ, அப்படியே போட்டுட்டு வா. ஊரோடு ஒத்து வாழ்னு சொல்லியிருக்காங்க."

மச்சான் சிரித்தான். "என்ன மாமா, காலங்காத்தால பழமொழி? கவலைப்படாதீங்க, இந்தத் தடவை ஒவ்வொரு வரியா பார்த்துட்டேன்."

"நான் சொல்றதைக் கேளுடா. மத்தவங்க மாதிரி..."

"சரி மாமா" என்றான். மாடிப்படியில் ஒவ்வொரு படியாகக் கைப்பிடியைப் பிடித்து இறங்கினான். இவர் மேலேயே நின்றார். அந்தச் 'சரி'யைப் பிடித்துக்கொண்டு அன்றைய பகலை ஓட்டினார்.

ஸ்டோர் ரூமில் நாற்பத்தேழு நாற்காலி. கையில்லாதது, கால் இல்லாதது, முதுகு போனது. மறுபடி எண்ணினால் நாற்பத்தொன்பது. நாலரை மணிக்கு அவரால் இருக்க முடியவில்லை. லேபுக்குப் போகும் வராந்தா வரை நடந்தார். கண்ணாடி ஜன்னல் வழியாகப் பின்வரிசையில் மச்சானின் முதுகு தெரிந்தது. பக்கத்தில் அந்த மாணவி குனிந்து அவனிடம் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். சொல்லுகிறாள், நூறைத்தான் சொல்லுகிறாள்! மச்சான் தலையை ஆட்டினான். இவருக்கு உயிர் வந்தது. தெய்வமே, அந்தப் பெண் நல்லா இருக்கணும் என்று வாய்விட்டே சொன்னார். காவலாளி திரும்பிப் பார்த்ததும் ஸ்டோர் ரூமுக்கே போய்விட்டார்.

வீட்டுக்கு முதலில் வந்தது அவர். காபி போடச் சொன்னார். இரண்டு நாளுக்குப் பிறகு மனைவி அவர் முகத்தைப் பார்த்தாள். "என்ன, ஏதாவது தெரியுமா?" என்றாள். "வரட்டும், வரட்டும்" என்றார். சிரிப்பை அடக்க முடியவில்லை.

மச்சான் ஆறரைக்கு வந்தான். சீட்டை மேசைமேல் வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்து காலை மெதுவாக நீட்டினான். ஒன்பது சரி. ஏழாவது தவறு.

அக்கா புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள். பத்துக்குப்பத்து அந்தச் சீட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கத்தினார்.

"அந்தப் பொண்ணு சொல்லலையாடா? நூறை எடுன்னு சொல்லலையா?"

"சொன்னா மாமா. போன தடவையும் சொன்னாங்க, ஆறு வருஷத்துக்கு முன்னாடியும் ஒருத்தர் சொன்னாரு."

"அப்புறம் ஏண்டா எடுக்கலை?"

மச்சானுக்குக் கேள்வியே புரியாததுபோல இருந்தது. "எடுத்தா தப்பாச்சே மாமா. புக்குல தெளிவாப் போட்டிருக்கு. தப்பாப் போட்டா எப்படிச் சரி வரும்? வந்தா மெஷின்ல இருக்கிற விடை தப்புன்னு ஆகும். அது நீங்க டைப் பண்ணது." அவன் முழங்காலைத் தடவிக்கொண்டான். "உங்க கையில பிழை வராதுன்னு எனக்குத் தெரியாதா? அதான், என் புரோகிராம்ல வேற எங்கயோதான் தப்பு இருக்கணும்னு தேடிட்டே இருந்தேன். கடைசிவரைக்கும் கிடைக்கலை. நீங்க சொன்னது சரிதான் மாமா, எனக்கு ஏறாது."

தையல் மெஷின் ஸ்டூல் மேல் பாதி தைத்த சட்டை கிடந்தது. அவர் அதை நகர்த்திவிட்டு அங்கேயே உட்கார்ந்தார். இனி எதைக் காப்பாற்ற இருக்கிறது?

"தப்பு என்னுதுடா" என்றார். "பிப்ரவரி இருபத்தொன்பதுன்னு நான்தான் அடிச்சேன். இரண்டாயிரத்து நூறு. எனக்கு அந்த நூறு தெரியாது. நேத்துக் காலையிலதான் பார்த்தேன்."

அக்கா, "நேத்தேவா?" என்றாள். அவ்வளவுதான் கேட்டாள். அவர் தலையைக் குனிந்துகொண்டார். ஆறு வருஷம் தெரியாமல் செய்தது. இந்த ஒரு நாள் தெரிந்து செய்தது.

மச்சான் சீட்டை எடுத்துப் பார்த்தான். பிறகு அச்செடுத்த தாளை எடுத்து ஏழாவதை அதில் விரலால் தொட்டுத் தொட்டு ஓட்டிப் பார்த்தான். உதடு மட்டும் அசைந்தது. பிப்ரவரி இருபத்தெட்டு, இரண்டாயிரத்து நூறு, நாலால் வகுபடும், நூறாலும் வகுபடும், நானூறால் வகுபடாது. மார்ச் ஒன்று. கோபப்படுவான் என்று அவர் காத்திருந்தார், படவில்லை. லேப் கதவில் நின்று எத்தனையோ பேர் கேட்டதைப்போலத்தான் கேட்டான்.

"அப்போ எனக்கு எவ்வளவு மாமா?"

ஆறு வருஷமாக வாயில் புழங்கிய வார்த்தை.

"பத்துக்குப் பத்துடா மாப்ளே" என்றார்.